மடி தேடி வராத குட்டி

பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளி போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி எங்களுக்கு இரண்டரை ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. மழை பெய்தால் கேழ்வரகும் கொள்ளும் அவரையும் விளையும். பெய்யாத ஆண்டில் வீட்டைத் தாங்குவது இருபது மேச்சேரிச் செம்மறிகள்தான். பட்டியை என் மாமியாரிடமிருந்து நான் ஏற்றுக்கொண்டு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. முதல் சில ஆண்டுகளில் நான் இழந்த குட்டிகளில் பல, மருந்து கிடைக்காமல் சாகவில்லை. நோயை நான் கண்டுகொள்ளப் பிந்தியதாலும், கண்ட பிறகு பதற்றத்தில் செய்யக் கூடாததைச் செய்ததாலும் செத்தன. புதிதாகக் குட்டி வளர்ப்பவர்களுக்கு அந்த இழப்பு நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் என்னை உலுக்கிய சாவைச் சொல்கிறேன். அந்த ஆண்டு ஆவணியில் நல்ல மழை பெய்து, வரப்பெல்லாம் இளம்புல் தளதளவென்று நின்றது. இரண்டரை மாதக் கடாக்குட்டி ஒன்று பட்டியிலேயே கொழுகொழுவென்று இருந்தது. தாய்க்கு அது ஒரே குட்டி என்பதால் இரண்டு காம்பின் பாலும் அதற்கே கிடைத்தது. புல்லையும் நன்றாகக் கடிக்கப் பழகியிருந்தது. முதல் நாள் மாலை அது துள்ளி ஓடியதை நான் பார்த்தேன். மறுநாள் விடிகாலையில் கழுத்தைப் பின்னுக்கு வளைத்துக்கொண்டு, கால்களைத் தரையில் உதைத்தபடி பக்கவாட்டில் கிடந்தது. தூக்கி நிறுத்தப் போனபோது ஒரு முறை விலுக்கென்று துள்ளி விழுந்தது. வெயில் ஏறுவதற்குள் உயிர் போய்விட்டது. பாம்பு கடித்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். மாமியார் மட்டும், எதற்கும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்க் காட்டு என்று வற்புறுத்தினார்.

கால்நடை மருத்துவமனையில் இருந்த டாக்டரம்மா குட்டியின் வயிற்றைத் திறந்து, சிறுநீரகத்தை எடுத்து என் கண்முன்னே விரலால் லேசாக அழுத்தினார். அது குழைந்த சோறு போல விரலுக்கு அடியில் நசுங்கியது. "இது துள்ளுமாரி நோய்ம்மா. செத்த பிறகாவது கொண்டு வந்தீங்களே, மிச்சத்தைக் காப்பாத்திக்கலாம்" என்றார். இந்த நோயை உண்டாக்கும் கிருமி ஆட்டின் குடலில் எப்போதும் சிறிதளவு இருக்கத்தான் செய்கிறது என்பதையும், திடீரென்று இளம்புல்லோ தானியமோ பாலோ அளவுக்கு மீறிக் கிடைக்கும்போது அது மளமளவென்று பெருகி நஞ்சைக் கக்குகிறது என்பதையும், அந்த நஞ்சு மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்குவதால்தான் குட்டி துள்ளிச் சாகிறது என்பதையும் அவர் பொறுமையாக விளக்கினார். நோஞ்சான் குட்டியை விட்டுவிட்டு, பட்டியிலேயே நன்றாகத் தேறிய குட்டியைத் தேடிப் பிடிக்கும் நோய் இது. கண்ட பிறகு மருத்துவம் பலிப்பது மிக அரிது. தடுப்பூசி ஒன்றே வழி.

அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பு, வைகாசிக்குள், எல்லா ஆடுகளுக்கும் துள்ளுமாரித் தடுப்பூசி போட்டுவிடுகிறோம். சினை ஆடுகளுக்கு ஈனுவதற்கு நான்கைந்து வாரம் முன்பாகப் போட்டால், அந்த எதிர்ப்புச் சக்தி சீம்பால் வழியாகக் குட்டிக்கும் போய்ச் சேர்கிறது. ஊசி போட்ட தாயின் குட்டிக்கு மூன்று நான்கு மாதத்தில் முதல் ஊசியும், இரண்டு மூன்று வாரம் கழித்து இரண்டாவது ஊசியும் போட வேண்டும். இரண்டாவதைப் போடாமல் விட்டால் முதலாவது போட்டதன் பயனும் குறைந்துபோகும். ஆட்டுக்கொல்லி (பி.பி.ஆர்.) என்ற தொற்றுநோய்க்கான ஊசியை மூன்று மாதம் நிறைந்த குட்டிகளுக்குப் போடுகிறோம். அது மூன்று ஆண்டுகள் வரை காக்கிறது. குட்டிகளுக்கு ஊசி போடுவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே குடற்புழு நீக்கம் செய்துவிடுவது வழக்கம். புழுவால் நலிந்த உடம்பில் ஊசி சரியாகப் பிடிப்பதில்லை. மழை பெய்து புல் முளைத்த முதல் வாரத்தில் வெறும் வயிற்றோடு ஆடுகளை அதில் விடுவதில்லை. காலையில் கொஞ்சம் கடலைக்கொடியோ கொள்ளுப் பொட்டோ தின்ன வைத்து, வெயில் ஏறிப் பனி உலர்ந்த பிறகே திறந்து விடுகிறேன்.

அந்தச் சாவுக்குப் பிறகு நான் கற்றுக்கொண்ட இன்னொன்று, பார்ப்பது. காலையில் பட்டியின் படலைத் திறக்கும் முன்பு ஐந்து நிமிடம் வெளியே நின்று ஒவ்வொரு குட்டியையும் பார்க்கிறேன். நலமாக உள்ள குட்டி படுக்கையிலிருந்து எழுந்ததும் முதுகை நெளித்துச் சோம்பல் முறிக்கும், பிறகு நேராகத் தாயிடம் போய் மடியை முட்டும், வால் துடிதுடிக்கும். நோயுற்ற குட்டி சோம்பல் முறிப்பதில்லை. முதுகு வில்லைப் போல் கூனி, காது தொங்கி, நான்கு கால்களையும் நெருக்கி வைத்துக்கொண்டு சுவரோரமாக நிற்கும். மாலையில் தாய் ஆடுகள் மேய்ச்சலிலிருந்து திரும்பும்போது குட்டிகள் எல்லாம் கத்திக்கொண்டு ஓடி வரும் அல்லவா, அந்தக் கூட்டத்தில் இல்லாத குட்டி எது என்றுதான் முதலில் தேடுவேன். கூப்பிட்டால் வராத குட்டியையும், பிடிக்கப் போனால் ஓடாத குட்டியையும் அன்றே கையில் எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

கையில் எடுத்ததும் செய்பவை சில உண்டு. வாய்க்குள் விரலை விட்டுப் பார்ப்பேன். சூடாக இருந்து விரலைச் சப்பினால் பாதி பயம் போய்விடும். வாய் சில்லென்று இருந்தால் ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும். கூடாரம் போல நின்றால் உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று பொருள். கீழ் இமையை விரலால் இறக்கி உள்பக்க நிறத்தைப் பார்ப்பேன். வாலைத் தூக்கிப் பார்ப்பேன். பிறகு தாயின் மடியைப் பார்ப்பேன். மடி கனத்து நின்றால் குட்டி குடிக்கவில்லை. மடி ஒரு பக்கம் கல்லைப் போல் இறுகிச் சுட்டால், நோய் தாய்க்கு, பட்டினி குட்டிக்கு. விடாமல் கத்திக்கொண்டே மடியை முட்டும் குட்டியை, பாவம் பசி என்று விட்டுவிட்டு, தாய்க்கு மடிநோய் முற்றும்வரை நான் கவனிக்காமல் இருந்த ஓர் ஆண்டும் உண்டு.

கடைசியாகக் காய்ச்சல்மானி. மருந்துக் கடையில் மனிதர்களுக்கு விற்கும் டிஜிட்டல் காய்ச்சல்மானியே போதும். ஒன்றை ஆட்டுக்கென்று தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்து, மணி அடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். 102 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. வெயிலில் ஓடி விளையாடிய குட்டிக்கு 104 காட்டினால் நிழலில் கட்டி அரை மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். 105 என்றால் காய்ச்சல் உறுதி. ஆனால் 105-ஐக் காட்டிலும் நான் அஞ்சுவது 99-ஐ. சூடு இறங்கிய குட்டிக்கு நேரம் மிகக் குறைவு.

இதை ஒரு மார்கழி இரவில் கற்றேன். எங்கள் பக்கம் தளி, தேன்கனிக்கோட்டை அளவுக்குக் குளிர் இல்லையென்றாலும், மார்கழி விடிகாலையில் ஈரக் குட்டியைக் கொல்லும் அளவுக்குக் குளிர் உண்டு. தலையீற்று மறி ஒன்று நள்ளிரவுக்கு மேல் ஈன்று, குட்டியை நக்காமல் ஒதுங்கி நின்றுவிட்டது. நான் பார்த்தபோது குட்டி ஈரத்தோடு தரையில் கிடந்தது, தலை தூக்கவில்லை. முந்தைய ஆண்டில் இப்படிக் கிடந்த ஒரு குட்டிக்கு நான் அவசரமாகப் பாலைக் கறந்து வாயில் ஊற்றியிருந்தேன். உறிஞ்சும் பலமில்லாத குட்டிக்கு அந்தப் பால் நுரையீரலுக்குள் போய், அது கொறகொறவென்று மூச்சு வாங்கிச் செத்தது. அதை நினைத்துக்கொண்டு இந்த முறை பாலைத் தொடவில்லை. கோணிச்சாக்கால் தேய்த்துத் தேய்த்து முழுவதும் உலர்த்தினேன். தக்காளிப் பெட்டி ஒன்றில் கேழ்வரகுத் தாளைப் பரப்பி, வெந்நீர் ஊற்றிய இரண்டு பாட்டில்களைத் துணியில் சுற்றி இருபுறமும் வைத்து, நடுவில் குட்டியைக் கிடத்திப் பழைய கம்பளியால் தலை வெளியே தெரியும்படி மூடினேன். அடுப்புக்கு அருகில் வைத்தால் புகை மூச்சை அடைக்கும் என்பதால் திண்ணையில்தான் வைத்தேன். கால் மணிக்கு ஒரு முறை சூடு பார்த்தேன். 97-இல் இருந்தது மெல்ல ஏறி, 100-ஐத் தாண்டியபோது குட்டி தானாகத் தலையைத் தூக்கி ஈனமாகக் கத்தியது. விரலை வாயில் வைத்தேன், சப்பியது. பிறகுதான் தாயைப் பிடித்துக் கட்டி, சீம்பாலைக் கறந்து, புட்டியில் கொடுத்தேன்.

சீம்பாலின் அளவை அப்போது நான் குத்துமதிப்பாகவே வைத்திருந்தேன். இப்போது கணக்கு வைத்திருக்கிறேன்: குட்டியின் எடையில் கிலோவுக்கு 50 மில்லி வீதம் முதல் இரண்டு மணி நேரத்திற்குள் உள்ளே போக வேண்டும். இரண்டரைக் கிலோக் குட்டிக்கு 125 மில்லி. நோயெதிர்ப்புப் பொருள்களைக் குட்டியின் குடல் அப்படியே உறிஞ்சிக்கொள்வது முதல் ஒரு நாள் மட்டும்தான். மணிக்கு மணி அந்தத் திறன் குறைந்துகொண்டே போகும். நஞ்சுக்கொடி விழும்வரை சீம்பால் கொடுக்கக் கூடாது என்று எங்கள் ஊரில் இன்னும் சிலர் நிறுத்தி வைக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்று அவர்களிடம் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். பால் மிகுந்த தாயிடமிருந்து கறந்த சீம்பாலைச் சிறு புட்டிகளில் உறைபெட்டியில் வைத்திருக்கிறேன். வெந்நீரில் புட்டியை வைத்து உருக்க வேண்டும். அடுப்பில் ஏற்றினால் திரிந்துவிடும். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிறந்து ஐந்து மணி நேரத்திற்கு மேலாகியும் எதுவும் குடிக்காமல் துவண்டு கிடக்கும் குட்டியின் இரத்தத்தில் சர்க்கரை தீர்ந்திருக்கும். அதைச் சூடேற்றினால் வலிப்பு வந்து சாகக்கூடும். அதற்கு முதலில் குளுக்கோஸ் ஊசி போட வேண்டும். அது மருத்துவர் கையால் நடக்க வேண்டிய வேலை. பிறந்தவுடன் தொப்புள்கொடியை அயோடின் டிஞ்சரில் முக்குவது ஒரு நிமிட வேலை. அதை விட்டால் அடுத்த வாரம் முழங்கால் வீங்கி நொண்டும் குட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய நேரும்.

கழிச்சலில் நான் செய்த தவறு இதைவிட நீண்டது. ஒரு முறை ஐந்து, ஆறு வாரக் குட்டிகள் நான்குக்கு ஒரே சமயத்தில் கழிச்சல் வந்தது. சாணம் கறுத்து, சளி கலந்து, முக்கி முக்கிப் போயின. ஒன்றின் வாலில் இரத்தக் கறை. மருந்துக் கடையில் கேட்டுக் குடற்புழு மருந்து வாங்கி ஊற்றினேன். நிற்கவில்லை. வேறொரு புழு மருந்து ஊற்றினேன். மூன்றாம் நாள் ஒரு குட்டி போய்விட்டது. அதன் பிறகுதான் மற்றொன்றின் சாணத்தைச் சிறு டப்பாவில் எடுத்து, தருமபுரியில் உள்ள கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்குக் கொண்டுபோனேன். நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, இது புழுவே இல்லை, இரத்தக்கழிச்சல் நோய், குடல் சுவரைத் துளைக்கும் ஓரணு உயிரி என்று சொன்னார்கள். புழு மருந்து அதை ஒன்றும் செய்யாது. மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆம்ப்ரோலியத்தில் மற்ற மூன்றும் தேறின.

காரணம் என் கொட்டகையிலேயே இருந்தது. தண்ணீர்த் தொட்டியைத் தரையில் வைத்திருந்தேன். குட்டிகள் அதில் ஏறி இறங்கிச் சிந்திய நீரால் ஒரு பாய் அகலத்திற்குத் தரை எப்போதும் சொதசொதவென்று இருந்தது. தழையையும் அங்கேயே போட்டிருந்தேன். சாணத்தோடு வெளிவரும் அந்த உயிரியின் முட்டைகள் ஈரத்தில்தான் பக்குவமடைகின்றன; சாதாரணக் கிருமிநாசினிக்கு எளிதில் சாவதில்லை, வெயிலுக்கும் வறட்சிக்கும்தான் சாகின்றன. தொட்டியை இரண்டு செங்கல் உயரத்திற்கு ஏற்றினேன். தழையைக் கட்டித் தொங்கவிட்டேன். ஈரமண்ணை வெட்டி எடுத்துவிட்டுக் காய்ந்த செம்மண்ணை நிரப்பினேன். கூரையின் கிழக்குப் பக்கம் ஓர் ஓலை வரிசையை உயர்த்திக் காலை வெயில் உள்ளே விழச் செய்தேன். செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை.

எந்தக் கழிச்சலாக இருந்தாலும், மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே நாம் செய்யக்கூடியது நீர் வற்றாமல் காப்பது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு சமன் தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, வேளைக்கு 100 மில்லி வரை, நாளுக்கு நான்கைந்து முறை கொடுக்கிறேன். தாய்ப்பாலை நிறுத்துவதில்லை. எதைக் கொடுத்தாலும் குட்டியின் தலையை அண்ணாத்திப் பிடிக்கக் கூடாது. முகம் தரைக்குச் சமமாக இருக்க, கடைவாய் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, விழுங்குகிறதா என்று பார்த்து விட வேண்டும்.

கழிச்சல் இல்லாமலே குட்டியைக் கரைக்கும் நோயும் உண்டு. நான்கைந்து மாதக் குட்டி ஒன்று நன்றாக மேய்ந்துகொண்டே இளைத்தது. புழுக்கை உருண்டையாகத்தான் இருந்தது. ஒரு மாலையில் தாடைக்கு அடியில் பை போல நீர் கோத்திருந்தது. இமையை இறக்கிப் பார்த்தால் உள்ளே காகிதம் போல் வெளுத்திருந்தது. இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் உருளைப்புழு அது. அதன் பெண் புழு ஒன்று ஒரே நாளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். மழைக்காலத்தில் ஒரு வாரத்திற்குள் அவை பொரிந்து, இளம்புழுக்களாகப் புல்லின் நுனியில் ஏறிக் காத்திருக்கும். பனி உலர்வதற்கு முன் மேய்க்கக் கூடாது என்று பழைய மேய்ப்பர்கள் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். இப்போது பதினைந்து நாளுக்கு ஒரு முறை எல்லாக் குட்டிகளின் இமையையும் பார்க்கிறேன். மருந்தைக் கண்ணளவில் ஊற்றாமல், கோணியில் குட்டியை இட்டுத் தொங்கு தராசில் நிறுத்து, எடைக்கு ஏற்ற அளவில் கொடுக்கிறேன். குறைத்துக் கொடுத்தால் சாகாமல் தப்பும் புழுக்கள் அந்த மருந்துக்கே பழகிவிடும். பிறகு அந்தப் பட்டியில் அந்த மருந்து எடுபடாது. சினைபிடித்த முதல் மாதத்தில் உள்ள ஆட்டுக்கு அல்பெண்டசோல் என்ற புழு மருந்தைக் கொடுக்கக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம்; கருவைக் கெடுக்கும்.

மற்ற நோய்களில் எனக்கு நேரடி அனுபவம் குறைவு; தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். உதட்டோரம் கொப்புளமும் பொருக்குமாக வரும் வாய்ப்புண் மனிதர் கைக்கும் தொற்றும். கையுறை இல்லாமல் அந்தப் பொருக்கைத் தொடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் முகம் வீங்கி, வாய் புண்ணாகி, குளம்புக்கு மேல் சிவந்து நொண்டினால் நீலநாக்கு நோயாக இருக்கலாம். அது கொசுவைவிடச் சிறிய கடிக்கும் பூச்சியால் பரவுவதால், அந்த மாதங்களில் பொழுது சாயும் முன்பே அடைத்துவிடுவது நல்லது. ஊரில் மாடுகளுக்குக் கோமாரி வந்திருக்கும் சமயத்தில் இளங்குட்டி வாயில் புண்ணே இல்லாமல் திடீரென்று செத்தாலும், இதயத்தைத் தாக்கிய கோமாரியாக இருக்கக்கூடும். திருவிழா வீட்டுச் சோற்றையும் கஞ்சியையும் ஆசையாகக் குட்டிகளுக்குக் கொட்டாதீர்கள். வயிறு புளித்து, உப்பி, ஒரே இரவில் முடிந்துவிடும். திடீரென்று செத்த ஆட்டின் மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத இரத்தம் கசிந்தால் அதை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருந்தால் அறுப்பவர் உயிருக்கே ஆபத்து. அப்படியே விட்டுவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும்.

அழைக்கும்போது என்ன சொல்கிறோம் என்பதில் பாதி மருத்துவம் இருக்கிறது. 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கூப்பிடலாம். முன்பெல்லாம் நான், "குட்டிக்கு உடம்பு சரியில்லைங்க, சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொல்வேன். கடந்த மாசியில் ஒரு பெண்குட்டி மாலைக் கூட்டத்தில் ஓடி வராமல் படலோரம் நின்றது. பிடித்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவை அழைத்து, வயது ஏழு வாரம், எடை எட்டுக் கிலோ, சூடு 105.4, மூக்கில் மஞ்சள் சளி, வயிறு தூக்கித் தூக்கி மூச்சு விடுகிறது, இமை சிவப்பு, புழுக்கை இயல்பு, காலையில் பால் குடித்தது, மாலையில் இல்லை என்று குறிப்பேட்டைப் பார்த்துச் சொன்னேன். அவர் இரண்டே கேள்விகள் கேட்டார்: நேற்று யாராவது மருந்து ஊற்றினார்களா, பக்கத்துக் குட்டிகளுக்குச் செருமல் உண்டா. இல்லை என்றேன். தனியாகப் பிரித்து, காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் வைக்கச் சொல்லிவிட்டு, இரவே வந்து ஊசி போட்டார். ஐந்து நாள் ஊசியையும் முழுதாகப் போட வேண்டும், இரண்டாம் நாள் தெளிந்துவிட்டது என்று நிறுத்திவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிப் போனார்.

இரண்டாம் நாள் காலையே அது தெளிந்துவிட்டது. மீதி மூன்று நாள் ஊசியையும் போட்டோம். மூன்றாம் நாள் விடிகாலையில் படலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தனியறைக் கம்புகளுக்கு இடையில் அது எழுந்து நின்றது. முன்கால்களை நீட்டி முதுகை நெளித்தது. தாயின் குரல் வந்த பக்கம் திரும்பிக் கத்தியது.

குறிப்பேட்டில் சூடு 102.8 என்று எழுதினேன்.